ஆஸ்திரியா–ஹங்கேரியை எங்கே குறிப்பது?

சமூக அறிவியல் பாடநூல் குழுவினருக்கும் வினாத்தாள் அமைக்கும் பெரியோருக்கும் மதுரை வட்டாரப் பட்டதாரி ஆசிரியர்கள் சிலரின் வணக்கம்.

காலாண்டு விடைத்தாள்களைத் திருத்திக் கட்டிவைத்த கையோடு இதை எழுதுகிறோம். உலக வரைபடத்தில் ஆஸ்திரியா–ஹங்கேரியைக் குறிக்கும் கேள்வி இந்த முறையும் வந்திருந்தது. பிள்ளைகள் கையில் இருப்பதோ கடையில் தாள் கணக்கில் விற்கும் வரைபடம், இன்றைய எல்லைகள் போட்டது. 1918ல் சிதறிப்போன பேரரசை அதில் எங்கே தேடுவது? ஒரு பிள்ளை வியன்னா பக்கம் புள்ளி வைக்கிறது, இன்னொன்று ஹங்கேரியில் வைக்கிறது, வேறொன்று இரண்டையும் சேர்த்து வட்டம் போடுகிறது. செக், ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா எல்லாம் அந்தப் பேரரசுக்குள் இருந்தவை என்பது அந்தத் தாளைப் பார்த்துத் தெரிய வழியே இல்லை. திருத்துகிறவர்களும் ஆளுக்கொரு விதமாக மதிப்பெண் போடுகிறோம். பிள்ளைகள் மேல் என்ன குற்றம்?

மதிப்பெண்கூடப் போகட்டும். பாடமே விளங்காமல் போகிறது. 1914 ஜூன் 28ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார் என்று படிக்கிற பிள்ளை, "அவருக்கு போஸ்னியாவில் என்ன சார் வேலை?" என்று கேட்கும். கேட்கத்தான் வேண்டும். 1908லேயே போஸ்னியாவை ஆஸ்திரியா–ஹங்கேரி தன்னோடு இணைத்துக்கொண்டுவிட்டது. 1914ஆம் ஆண்டு வரைபடத்தில் அது ஒரே நிறத்தில் தெரியும், சொல்லவே வேண்டாம். ஜெர்மனி இரண்டு முனைகளிலும் போருக்கு அஞ்சியது என்கிறோம். இன்றைய வரைபடத்தில் ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே போலந்து நிற்கிறது. அன்று போலந்து என்ற தனிநாடு கிடையாது, ஜெர்மனியும் ரஷ்யாவும் ஒட்டியே இருந்தன. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

எனவே நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தந்தக் காலத்து எல்லைகளோடு, தமிழில், வகுப்பறைச் சுவரில் மாட்டும் வரைபடங்கள். 1914, 1923, 1942, 1960 என நான்கு போதும்.

ஸ்மார்ட் போர்டு இருக்கிறதே என்பீர்கள். அதில் கிடைக்கும் படங்களில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பாடவேளை முடிந்ததும் படமும் போய்விடும். சுவரில் தொங்குவதைப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் நின்று பார்க்கும்.

அச்சிடும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம். ஆறடிக்கு நாலடி வேண்டும். 20 அடி அறையில் கடைசி பெஞ்சுக்குத் தெரிய, நாட்டின் பெயர் எழுத்து 2 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. பளபளக்கும் ஃபிளெக்ஸ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதிப் படம் வெள்ளையாகிவிடும், துணியில் அச்சிடுங்கள். குடியேற்ற நாட்டுக்கு ஆண்ட நாட்டின் நிறமே இருக்கட்டும். இன்றைய எல்லைகளை மெல்லிய புள்ளிக்கோடாக அடியில் காட்டினால் ஒப்பிடவும் உதவும். உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் வரையும் முறைகளில் ஒன்றான மெர்கேட்டர் முறையை விட்டுவிடுங்கள், அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. 1960ல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன என்று நடத்தும்போது அந்தக் கண்டம் சுருங்கித் தெரியக் கூடாது. ஊர்ப் பெயர்கள் பாடநூலிலும் வரைபடத்திலும் வினாத்தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும்.

இந்தப் படங்கள் வந்தால் நம் ஊரையும் அதில் காட்டலாம். மதுரைச் சாயப்பட்டறைகள் சிவப்புக்கு நம்பியிருந்த அலிசரின் என்ற சாயம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1914ல் போர் தொடங்கியதும் வரத்து அடைபட்டது. 1942 பிப்ரவரி 15ல் ஜப்பானிடம் சிங்கப்பூர் விழுந்தது, அடுத்த மாதமே ரங்கூன். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போன முன்னோர் உள்ள குடும்பங்கள் ஏராளம். தாத்தாவின் அப்பா பர்மாவிலிருந்து தப்பி எந்த வழியாக நடந்து வந்தார் என்று ஒரு பிள்ளை அந்தப் படத்தில் விரல் வைத்துத் தேடும். இரண்டாம் உலகப்போர் அதற்கு வேறெப்படி நடத்தினாலும் இந்த அளவுக்கு ஒட்டாது.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஜனவரி பிறந்தாலே சமூக அறிவியல் பாடவேளைகள் கணக்குச் சிறப்பு வகுப்புக்குப் போய்விடுகின்றன. "மனப்பாடம் பண்ணினால் போதும்தானே" என்கிறார்கள். வரைபடமே இல்லாமல் நடத்தினால் மனப்பாடம் தவிர வேறு என்ன மிஞ்சும்? அதைப் பிறகு பேசுவோம். இப்போதைக்குத் தயவுசெய்து அந்தக் காலத்து வரைபடங்களைக் கொடுங்கள். அதுவரை, 1914ஆம் ஆண்டு நாட்டைக் கேட்கும்போது 1914ஆம் ஆண்டு எல்லைத்தாளையே வினாத்தாளோடு இணைத்துக் கொடுங்கள்.

பத்தாம் வகுப்பில் முதல் பாடமே முதல் உலகப்போர்தான். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று முதல் படமாவது சுவரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.