காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

திருவட்டாறு,
ஞாயிறு இரவு

மக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். இடையில் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பியதைப் பதில் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அம்மைக்கு முட்டுவலி, மற்றபடி சுகம். சின்னவள் பத்தாம் வகுப்பு. ரேடியோவுக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள். அவன் வாயைத் திறந்ததும் பெண்வீட்டார் எழும்பிவிடுகிறார்கள். சாயாக்கடைக் கணக்கில் உன் பெயரில் 38 ரூபாய் இன்னும் நிற்கிறது. அண்ணாச்சி மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஆவணியில் ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். ஏத்தன், மட்டி வாழைக்குலைகளை ஏற்றி வடசேரி, மார்த்தாண்டம் சந்தைகளுக்கு ஓட்டலாம் என்று. நாலு சிலிண்டர் டர்போ டீசல், ஓடியது 1,38,000 கிலோமீட்டர். பார்க்கப் போன அன்று முகம் கழுவின மாப்பிள்ளை மாதிரி நின்றது. சாவியைத் திருப்பினதும் எடுத்தது, புகை இல்லை, சத்தம் இல்லை. முன்பணம் கொடுத்தேன். உன் அண்ணி சங்கிலி இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

மறுநாள் விடியற்காலை மூன்றரைக்கு ஸ்டார்ட் பண்ணினேன். டிக், டிக், டிக், டிக். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஓடியது. ஏதோ ஒருத்தன் போனட்டுக்குள் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி. வேர்கிளம்பி தாண்டும்போது சத்தம் தேய்ந்து, அப்புறம் காணாமலே போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நீ சிரிப்பாய், தெரியும். எட்மன்டனில் மைனஸ் முப்பதில் வண்டி மூக்கிலிருந்து வயரை இழுத்துச் சுவரில் சொருகி இஞ்சினைச் சூடு பண்ணுகிறவன் நீ. கன்னியாகுமரி மாவட்டத்தில் என்னலே கோல்டு ஸ்டார்ட் என்பாய். ஆனால் இஞ்சினுக்கு நம் ஊர் குளிரா சூடா என்பது பெரிய கணக்கில்லை. ஓடும்போது அதன் தண்ணீர் 85, 90 டிகிரியில் இருக்கும். ராத்திரி முழுக்க நின்று விடியலில் 24-க்கு வந்துவிட்டால் அதற்கு அதுவே குளிர். எண்ணெய் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும். பிஸ்டனும், புகையை வெளியே கொண்டுபோகிற மேனிஃபோல்டும் சூட்டில் எடுக்கிற அளவுக்கு இன்னும் விரிந்திருக்காது. அந்த முதல் நாலைந்து நிமிடத்தில்தான் இஞ்சின் தன் குறைகளை எல்லாம் பறைகிறது.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ரேடியோ, "ஆயில் கட்டியா ஊத்துலே, சத்தம் அடங்கும்" என்றான். 15W-40 இருந்த இடத்தில் 20W-50 வாங்கி ஊற்றினேன். குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைத்தான் அந்த W-க்கு முன்னால் உள்ள எண் சொல்கிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். டபிள்யூ என்றால் விண்டராம். கட்டி எண்ணெய் காலையில் மேலே ஏற இன்னும் தாமதிக்கும். என் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை, காசு போனது மட்டும் மிச்சம். இன்னொருவர் டைமிங் செயின் என்றார். அது எண்ணெய் பிரஷர் வருகிற வரைக்கும் இரண்டு மூன்று செகண்டு சரசரவென்று கேட்டு அடங்க வேண்டும், மலிவு ஃபில்டரில் உள்ளே இருக்கிற ரப்பர் வால்வு கெட்டிருந்தாலும் அப்படி வருமாம். எனக்கு நாலு நிமிடம் கேட்டது.

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கும் போனேன். பெயர் வேண்டாம். அங்கேதான் கூத்து. வீட்டிலிருந்து அங்கே 14 கிலோமீட்டர். போய்ச் சேரும்போது வண்டி சூடாகி, பூனை மாதிரி நிற்கும். "சத்தம் எங்கேண்ணே?" என்று கேட்பான் பையன். நான் வாயால் டிக் டிக் என்று செய்து காட்டுவேன். மூன்று தடவை அப்படிப் போய் வாயால் இஞ்சின் ஓட்டினேன் மக்கா. கடைசியில் சூப்பர்வைசர், நான் போட்ட சத்தத்தை மட்டும் கேட்டு, "கனெக்டிங் ராடு பேரிங். இஞ்சின் இறக்கணும், 85,000 ஆகும்" என்று தாளில் எழுதித் தந்தார்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ராடு பேரிங், அதாவது பிஸ்டனின் தண்டு கிராங்கில் சுழல்கிற இடம், தேய்ந்து அடித்தால் சூடானதும் ஓயாது. எண்ணெய் இளகி பிரஷர் குறையக் குறைய, இன்னும் கனமாகத்தான் அடிக்கும். குளிரில் கேட்டுச் சூட்டில் மறைகிறது என்பதே வேறு பக்கம் கை காட்டுகிறது. அந்த மனுஷருக்கு அது தெரியாமல் இருக்குமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இனி சொல்லப்போவதை அண்ணியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

85,000-க்கு நான் எங்கே போக? விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணினேன். கருங்கல் பக்கமிருந்து ஒரு பையன் காலை எட்டு மணிக்குப் பார்க்க வருகிறேன் என்றான். நான் ஏழரைக்கு வண்டியை எடுத்துக் குலசேகரம் வரை போய்த் திரும்பி, முற்றத்தில் நிறுத்தி, டயர்மேல் தண்ணீரும் அடித்துவிட்டு, இப்போதுதான் எழும்பினவன் மாதிரி சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு விற்ற ஆள் செய்ததும் இதுதான் என்று அந்த ஒரு வாய் சாயாவில்தான் உறைத்தது.

பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். சாவி கேட்கவில்லை. நேராகப் போய் போனட்டில் உள்ளங்கையை வைத்தான். வைத்தபடியே என்னைப் பார்த்தான். "அண்ணே, நாளைக்கு விடியலில் வாறேன். ஸ்டார்ட் பண்ணாம வையுங்க" என்றான். ஒரு குறையும் சொல்லவில்லை. பைக்கை எடுத்துப் போய்விட்டான். மறுநாள் வரவும் இல்லை.

நான் ராத்திரி தூங்கவில்லை. சத்தத்தால் இல்லை.

அதற்கப்புறம்தான் ஆசான் ஞாபகம் வந்தது. நம் பஸ் மெக்கானிக் ஆசான், இடது காது டெப்போவிலேயே போனவர். பள்ளிக்கூடத்தில் அவரைப் பார்த்து நாம் வாயசைத்து விளையாடினோமே, அதற்கெல்லாம் சேர்த்து இப்போது அனுபவித்தேன். அவரைப் போய்க் கூப்பிட்டேன். "வண்டி ராத்திரி முழுக்க தூங்கட்டும், நான் வந்துதான் எழுப்புவேன்" என்றார். நாலு மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சு, ஒரு நீள ஸ்குரூ டிரைவர், ஒரு கை நீளத்துக்கு ரப்பர் குழாய் இவற்றோடு வந்தார்.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். டிக் டிக். ஸ்குரூ டிரைவர் முனையை பிளாக்கில் வைத்து, பிடியைப் பல்லில் கடித்தார்! காது போனாலும் எலும்பு கேட்குமாம். கண்ணை மூடி பிளாக்கில், ஆயில் சம்ப்பில், வால்வு கவரில் என்று இடம் மாற்றி மாற்றிக் கடித்தார். ஃபேன் பக்கம் போகும்போது எனக்கு உயிர் போயிற்று. பழைய பஸ்ஸாக இருந்தால் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக இளக்கி எந்த சிலிண்டர் என்று பார்த்துவிடுவாராம். "இது காமன் ரெயில், உள்ளே ஆயிரம் பாருக்கு மேல பிரஷர், கையைத் துளைச்சிரும், தொடாதே" என்றார். டீசல் குளிரில் கொஞ்சம் கரகரப்பது இயல்பு என்றும், நாம் தேடுவது அது இல்லை என்றும் சொன்னார். பிறகு ஸ்குரூ டிரைவரை இடுப்பில் செருகிவிட்டு, ரப்பர் குழாயை நல்ல காதில் வைத்து, மறுமுனையை இஞ்சின் பக்கவாட்டில் ஊர விட்டார். பின்பக்கம், டர்போவுக்குப் போகும் வழியில், தகட்டு மூடிக்கு அருகில் ஓரிடத்தில் நின்றார்.

"இரும்பு அடிக்கல மக்களே. காத்துதான் அடிக்குது."

சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இன்னும் சூடேறாத நேரம். ஒரு கை தெளித்ததும் நாலாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இணைப்பில் குமிழ் வந்து வந்து உடைந்தது, ஒவ்வொரு டிக்குக்கும் ஒன்று. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அங்கே விசிறி விரித்த மாதிரி கறுப்புக் கரி. மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டட் போல்ட்டில் ஒன்று முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி துரு, பாதி மினுக்கம். பாதி எப்போதோ விண்டுபோய், மீதி அண்மையில் போயிருக்கிறது. குளிரில் மேனிஃபோல்டு சுருங்கியிருக்கும்போது இணைப்பின் அடைப்பான கேஸ்கட்டுக்கு இடையில் சந்து. சூடேறினால் இரும்பு விரிந்து சந்து அடைபட்டுவிடும். அப்புறம் எங்கே சத்தம்?

இது நாலு நிமிடச் சத்தம். இதைக் கண்டுபிடிக்க நாலு மாதம்.

மீதமிருந்த துண்டில் நட்டை வெல்டு பண்ணித் திருப்பி எடுத்தார்கள். மேனிஃபோல்டு முகத்தை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வளைந்திருந்தது, லேத்தில் சமப்படுத்தினோம். புது கேஸ்கட், நாலு ஸ்டட், எல்லாம் சேர்த்து 4,350 ரூபாய். ஆசான் ஒரு பைசா வாங்கவில்லை. ஒரு மட்டிக்குலை கேட்டார், இரண்டு கொடுத்தேன்.

நேற்று விடியலில் சாவியைத் திருப்பிவிட்டு, கையில் சாயாவோடு நாலு நிமிடம் வண்டி பக்கத்தில் நின்று கேட்டேன். டீசல் கரகரப்பு மட்டும். மழை சொட்டுகிற ரப்பர் மரங்களுக்கு நடுவில் அது எவ்வளவு நல்ல சத்தம் தெரியுமா?

வண்டியை இனி விற்கமாட்டேன். ஆனால் அந்தக் கருங்கல் பையனின் நம்பர் போனில் அப்படியே இருக்கிறது. இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட? வண்டி சரியாகிவிட்டது என்றா, விற்கவில்லை என்றா, அன்றைக்குக் குலசேகரம் போய் வந்தது உண்மைதான் என்றா? நீ யோசித்து எழுது. ஏழு மாதம் எடுக்காதே, அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

அப்புறம், அண்ணாச்சிக்கு 38 ரூபாயை நானே கொடுத்துவிடுகிறேன். இப்போது படுக்கிறேன், மூன்றரைக்கு எழும்பணும், தக்கலைக்கு லோடு இருக்கிறது.

உன்
குலைவண்டிக்காரன்