எதிர்வீட்டுக்காரரின் ஷூ டப்பா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்.

‘உலகம் பூராவும் முகாம் போட்டிருக்கிற நாட்டில் பழைய சிப்பாய்களைக் கவனிக்கப் பணம் இல்லையா?’ என்று கேட்டிருந்தாய். பணம் இருக்கிறது. அமெரிக்காவுக்குச் சுமார் 80 நாடுகளில் 750 படைத்தளங்கள், அதற்கு ஆண்டுக்கு 5,500 கோடி டாலர் ஆகிறது என்று டேவிட் வைன் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டிருக்கிறார். முன்னாள் படைவீரர் துறைக்கு ஒதுக்குவது அதைவிடப் பல மடங்கு, 30,000 கோடி டாலருக்கும் மேல். அதனால் அங்கே கொட்டுகிறார்கள், இங்கே கிள்ளித் தருகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. என் வயிற்றெரிச்சல் வேறு. தளத்தில் வீணாய்ப் போன பணத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அங்கே நின்ற மனிதர் நோயோடு திரும்பி வந்தால், அவரிடம் ஆதாரம் கேட்கிறார்கள்.

எதிர்வீட்டுக்காரரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன் அல்லவா? 2007-ல் ஈராக்கில் பலாத் என்ற அமெரிக்கப் படைத்தளத்தில் சிப்பாயாக இருந்தவர். அங்கே பத்து ஏக்கர் பரப்பில் குப்பை எரிக்க ஒரு குழி. பிளாஸ்டிக், பெயிண்ட் டப்பா, பேட்டரி, மருத்துவமனைக் கழிவு என்று எல்லாவற்றையும் அதில் போட்டு, விமான எரிபொருளை ஊற்றி இரவும் பகலும் கொளுத்தியிருக்கிறார்கள். 2022-ல் பெருங்குடிக் குப்பைமேடு எரிந்தபோது ஈரத்துணியை வைத்து ஜன்னலை அடைத்தோம் என்று எழுதினாயே, அந்த மாதிரிப் புகையில் இவர் ஒரு வருஷம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார். வயது 45 கூட ஆகவில்லை. குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வருவதற்குள் தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.

போன வாரம் அவர் மனைவி ஒரு ஷூ டப்பாவைத் திறந்து காட்டினார். நோய்க்கு உதவி கேட்டு முன்னாள் படைவீரர் துறைக்கு இவர் போட்ட மனுக்களுக்கு வந்த மூன்று மறுப்புக் கடிதங்கள். முதல் கடிதத்தில் ‘பணியோடு தொடர்பு நிரூபிக்கப்படவில்லை’ என்ற வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். மற்ற இரண்டிலும் அதே வரி இருக்கிறது, கோடு இல்லை. எந்த நாளில் எவ்வளவு புகை உள்ளே போனது என்று அங்கே யார் எழுதி வைத்தார்கள், இவர் கொண்டுவந்து காட்ட?

ஒன்று சொல்கிறேன், கேள். ஆப்கானிஸ்தானில் இந்தக் குழிகளுக்குப் பதிலாகக் குப்பையை எரிக்கும் உலைகள் வாங்கினார்கள். அதில் நான்கு தளங்களில் வைத்த எட்டு உலைகள், 2 கோடி டாலருக்கு மேல் செலவானவை, ஒரு நாள்கூடப் பற்றவைக்கப்படவில்லை. இதைச் சொன்னது ஆப்கானிஸ்தான் செலவுகளைச் சரிபார்க்க அமெரிக்க அரசே நியமித்த தலைமை ஆய்வாளர், 2015-ல். எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2022-ல்தான் விடிந்தது. அதுவும் சும்மா வரவில்லை. இந்தப் புகையால் நோய் வந்தவர்களுக்கு உதவும் மசோதா ஜூலை கடைசியில் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் தடைபட்டதும், முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே ராத்தங்கினார்கள். நடக்க முடியாதவர்களும் மூச்சுவிடச் சிரமப்பட்டவர்களும் அந்த வெயிலில் கிடந்தார்கள். ஆகஸ்ட் 2-ல் 86-க்கு 11 என்று நிறைவேறியது. இப்போது இருபதுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு, இந்த இடத்தில் இந்தக் காலத்தில் இருந்தார் என்று காட்டினால் போதும், காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. இவருக்கு வந்திருக்கும் மூச்சுக்குழாய் நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மறுபடி விண்ணப்பித்தார், கிடைத்தது. ஆனால் முதல் மனு போட்டபோது மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மனிதர் இப்போது கீழ் அறையில்தான் படுக்கிறார்.

வியாழக்கிழமை அவருக்கு நுரையீரல் பரிசோதனை. அவர் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நான்தான் அழைத்துப் போகிறேன். 70 மைல் போக வேண்டும், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவோம். முடிவு வந்ததும் எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி