ரோசலின் கார்ட்டருக்கு: கடலை மண்டிப் பேரேட்டிலிருந்து மனநலத் துறைக்கு

அன்புள்ள ரோசலின் அம்மையாருக்கு,

2023 நவம்பர் 19 அன்று நீங்கள் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை வெள்ளை மாளிகையைச் சுற்றியே இருந்தன. இந்தக் கடிதம் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளைப் பற்றியது. 1971 ஜனவரியிலிருந்து 1975 ஜனவரி வரை, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா ஆளுநராக இருக்க, அவர் மனைவியாக அட்லாண்டாவில் நீங்கள் இருந்த காலம் அது.

தமிழில் படிப்பவர்களுக்காக ஒரு வரி: இங்கே ஆளுநர் என்றால் டெல்லி நியமிப்பவர். அமெரிக்க மாநிலங்களில் அவரை மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் முதலமைச்சரைப் போல நிர்வாகமும் பட்ஜெட்டும் அவர் கையில். அவருடைய மனைவிக்குப் பதவிப் பிரமாணமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. வெஸ்ட் பேசஸ் ஃபெர்ரி சாலையில் 18 ஏக்கரில், 1968இல் திறந்த ஒரு மாளிகை உண்டு. அங்கே வீட்டு வேலைக்கு வந்தவர்கள் சிறைக் கைதிகள். உங்கள் மகள் ஏமியைப் பார்த்துக்கொண்ட மேரி பிரின்ஸ், கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். அவர் குற்றமற்றவர் என்று நீங்கள் நம்பினீர்கள். அவரை வாஷிங்டனுக்கும் அழைத்துப் போக பரோல் வாரியத்துக்கு எழுதினீர்கள். பின்னாளில் அவருக்கு முழு மன்னிப்பே கிடைத்தது.

விருந்துப் பட்டியல், பூ அலங்காரம், வரவேற்பு வரிசை என்று இருந்தாலே அந்த நான்கு ஆண்டுகள் ஓடிப்போயிருக்கும். உங்களுக்கு அப்படி ஓடாததற்குக் காரணம், சொந்த ஊரான பிளெயின்ஸில் நீங்கள் பார்த்த கடலை மண்டிக் கணக்கு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. 1953இல் மாமனார் இறந்து, மனமில்லாமல் ஊர் திரும்பி, பேரேட்டை எடுத்தவர் நீங்கள். விவசாயிகளுக்கு விதையும் உரமும் கடனாகப் போய், அறுவடைக்குப் பின் பணம் வரும் வியாபாரம். எது வருகிறது, எது கசிகிறது என்று தெரியாமல் அங்கே ஒரு பருவம்கூடத் தாண்ட முடியாது.

தேர்தல் பிரசாரத்தில் நீங்கள் சந்தித்த அந்த மில் தொழிலாளியை நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். விடியற்காலை நாலரை மணி. ராத்திரி ஷிப்ட் முடிந்து, தலையிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்ட ஒரு பெண் வெளியே வருகிறார். போய்த் தூங்குவீர்களா என்று கேட்டீர்கள். வீட்டில் மனநலம் குன்றிய பிள்ளை, புருஷன் சம்பளம் போதவில்லை, அதனால்தான் ராத்திரி வேலை என்றார். அன்றைக்கே உங்கள் கணவரின் கூட்டத்தில், கைகுலுக்கும் வரிசையில் நீங்களும் நின்று, இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டீர்கள்.

1971இல் உங்கள் கணவர் அமைத்த மனநலச் சேவைக் குழுவில் நீங்கள் உறுப்பினர். கூட்டத்துக்குப் போவதோடு நிற்காமல், அட்லாண்டாவிலிருந்த அரசு மனநல மருத்துவமனையான ஜார்ஜியா ரீஜனல் மருத்துவமனையில் தன்னார்வலராகவும் வேலை செய்தீர்கள். வார்டில் நின்று பார்த்தவர், அறிக்கையில் வரும் எண்ணைப் பார்த்து ஏமாறமாட்டார். மில்லெட்ஜ்வில்லில் 1842இலிருந்து நடந்த அரசு மனநல மருத்துவமனையில், 1960களில் சுமார் 12,000 பேர் அடைந்து கிடந்தார்கள். அங்கே நடந்த கொடுமைகளை அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் நிருபர் ஜாக் நெல்சன் அம்பலப்படுத்தி, 1960இல் புலிட்சர் பரிசு வாங்கினார். பெரிய மருத்துவமனையைக் குறைத்து ஊருக்கு ஊர் மையம் தொடங்குவது என்பதுதான் உங்கள் குழு சொன்ன வழி.

இந்த வழி எங்கே சறுக்குகிறது என்பது கணக்கில்தான் இருக்கிறது. ஒரு வார்டில் 40 பேர் இருந்தாலும் 20 பேர் இருந்தாலும் ராத்திரி நர்ஸ் வேண்டும், கொதிகலன் எரிய வேண்டும், சமையல்கட்டு ஓட வேண்டும். நோயாளி பாதியானால் செலவு பாதியாகாது. வார்டையே மூடும்வரை மிச்சப் பணம் கைக்கு வராது. ஆனால் வெளியே போனவருக்கு மாத்திரையும் வீடும் முதல் நாளே வேண்டும். ஆகவே சில ஆண்டுகள் இரட்டைச் செலவு. பட்ஜெட் போடுகிறவர்கள் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். மையங்களின் ஊழியர் சம்பளத்துக்கு மத்திய அரசு தந்த மானியமும் ஆண்டுக்கு ஆண்டு தேயும்படி அமைந்தது. போதாததற்கு, 1965இல் வந்த மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மனநல மருத்துவமனைகளில் இருந்த 65 வயதுக்குக் குறைந்த பெரியவர்களுக்குப் பணம் தரவில்லை. மாநிலங்கள் நோயாளிகளை முதியோர் காப்பகங்களுக்குத் தள்ளிவிட்டு, சீர்திருத்தம் என்று பெயர் வைத்தன.

பேச்சு உங்களுக்கு எளிதாக வரவில்லை. மேடை என்றாலே உடம்பு சரியில்லாமல் போகுமாம். அட்டையில் நாலு வார்த்தை குறித்துக்கொண்டு, தெரிந்த விஷயத்தை மட்டும் பேசப் பழகினீர்கள். அந்தப் பழக்கம் 1979இல் செனட் குழு முன் சாட்சி சொல்லும்வரை கைகொடுத்தது.

அட்லாண்டாவில் உறுப்பினராக இருந்த நீங்கள், வாஷிங்டனில் ஜனாதிபதியின் மனநல ஆணையத்துக்குக் கௌரவத் தலைவர் மட்டும்தான், ஏனென்றால் 1967 சட்டப்படி ஜனாதிபதி தம் உறவினரை அரசுப் பதவியில் அமர்த்த முடியாது. 1980 அக்டோபரில் கையெழுத்தான மனநலச் சட்டத்தின் பெரும்பகுதியை, அடுத்த ஆண்டே ரீகன் அரசு ரத்து செய்தது. அது இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

நீங்கள் வேலை செய்த அதே ரீஜனல் மருத்துவமனையில், வெளியே வாழத் தகுதி உண்டு என்று மருத்துவர்கள் சொல்லியும் இரண்டு பெண்கள் அடைபட்டிருந்தார்கள். அவர்கள் வழக்கில்தான் 1999 ஜூனில் உச்ச நீதிமன்றம், காரணமில்லாமல் அடைத்து வைப்பதே பாகுபாடு என்றது. 2010இல் ஜார்ஜியா அரசு மத்திய நீதித் துறையோடு ஒப்பந்தம் செய்தது: கடுமையான மனநோய் உள்ள 9,000 பேரில் தேவைப்படுவோருக்கு, ஊருக்குள்ளேயே குடியிருக்க உதவி.

அந்த மில் தொழிலாளியின் தூக்கத்துக்கு இதில் எந்த ஆவணத்திலும் பத்தி கிடையாது. பராமரிப்பவர்களுக்கென்றே 1987இல் நீங்கள் ஒரு நிறுவனம் தொடங்கினீர்கள். அமெரிக்கஸ் நகரில், 1946இல் நீங்கள் படித்து முடித்த அதே கல்லூரியில். பிளெயின்ஸிலிருந்து பத்து மைல் தூரம்.

வணக்கத்துடன்,
உங்கள் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் சிலர்