பழைய உடற்பயிற்சிக் கருவிகள் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வீடுகளில் பயன்படாமல் கிடந்து, உறுப்பினர்கள் பொதுக்கூடத்துக்குக் கொடுத்த உடற்பயிற்சிக் கருவிகளின் சீரமைப்புப் பணி முடிந்தது. 34 இரும்பு பிளேட்டுகள் (பாரில் மாட்டும் வட்ட எடைகள்), 2 ஒலிம்பிக் பார்கள் (பிளேட் மாட்டித் தூக்கும் நீண்ட எஃகுத் தண்டுகள்), ஒரு பவர் ரேக் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டம்), 2 பெஞ்சுகள், 6 கெட்டில்பெல்கள், ஒரு கேபிள் மெஷின், ஒரு டிரெட்மில் ஆகியவை பயன்பாட்டுக்குத் தயார். வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது. "எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்துவிட்டு பாரை மட்டும் ஏன் விட்டீர்கள்?", "பார்வைக்கு நன்றாகத்தானே இருந்தது, அந்த பெஞ்சை ஏன் கழித்தீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளும் பலரிடமிருந்து வந்தன. ஆகவே பதில் சற்று விரிவாகவே இருக்கும்.

கழித்தவை

முதலில் கழிவிலிருந்தே தொடங்குகிறோம், ஏனென்றால் பணியின் பாதி அதில்தான். துரு ஏறியிருப்பது கழிக்கக் காரணமல்ல. மேல்துரு எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் வார்ப்பிரும்பின் எடை தாங்கும் திறன் அதனால் குறைந்துவிடாது. கழித்தவை நான்கு வகை.

ஒன்று, வளைந்த பார். பாரை ரேக்கின் கொக்கிகளில் வைத்துக் கையால் மெல்லச் சுழற்றினால், நேரான பாரின் முனை இருந்த இடத்திலேயே நிற்கும். வளைந்ததன் முனை மேலும் கீழும் ஏறி இறங்கும். அழுத்தி நிமிர்த்தித் தரலாம் என்று சிலர் சொன்னார்கள். நிரந்தரமாக வளைந்த எஃகை நிமிர்த்தினாலும் பழைய நேர்த்தன்மை திரும்பாது. எடை ஏற்றும் பாரில் அந்தச் சோதனை வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டு, வெல்டிங்கில் விரிசல் விட்ட பெஞ்ச். மேலே கேட்ட பெஞ்ச் இதுதான். சாய்வுப் பலகையைத் தாங்கும் காதுப்பகுதியில், வெல்டின் ஓரத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. பெயின்ட் விரிசலா, இரும்பு விரிசலா என்பது கண்ணுக்குத் தெரியாது. பெயின்டைச் சுரண்டி, சிவப்புச் சாய ஸ்ப்ரே அடித்து, சில நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, அதன் மேல் வெள்ளை டெவலப்பர் அடித்துப் பார்த்ததில் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது. விரிசல் இரும்பில்தான். மெல்லிய சதுரக் குழாயில் விரிசலின் மேலேயே வெல்ட் வைத்தால் பெரும்பாலும் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

மூன்று, குரோம் உரிந்த டம்பெல்கள். உரிந்த குரோமின் விளிம்பு பிளேடு மாதிரி உள்ளங்கையைக் கிழிக்கும். அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. மின்முறையில் குரோமை உரிக்கப் போனால் நச்சான ஆறிணைய குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) உருவாகலாம். அது வீட்டு வேலையல்ல.

நான்கு, சிமென்ட் நிரப்பிய பிளாஸ்டிக் பிளேட்டுகளில் ஓடு பிளந்தவை. உள்ளே உதிர்ந்த சிமென்ட் ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கும். ஒட்டினாலும் எடை சமமாக நிற்காது.

பிளேட்டுகள்

பிளேட்டுகளை முதலில் துளை அளவு பார்த்துப் பிரித்தோம். வீட்டுக் கருவிகளில் ஒரு அங்குல பாருக்கான சிறுதுளை பிளேட்டும், 50 மி.மீ. ஸ்லீவுக்கான (ஒலிம்பிக் பாரின் முனையில் சுழலும் உறைக்கான) பெருந்துளை பிளேட்டும் கலந்தே வரும். சிறுதுளை பிளேட்டைக் கடைந்து பெரிதாக்குவது வீண்வேலை. நடு தப்பினால் பார் சுழலும்போது உதறும்.

அடுத்தது பழைய பெயின்ட். பழங்காலப் பெயின்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சோதனைக் குச்சியால் தேய்த்துப் பார்த்து, சந்தேகமானவற்றை உலர் முறையில் தேய்க்கவே இல்லை. ரசாயன ஸ்ட்ரிப்பர் போட்டு ஈரமாகவே சுரண்டி எடுத்தோம். தூசியைப் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

லேசான துருவுக்கு வெள்ளை வினிகர் போதும். 5 சதவீத அசிட்டிக் அமிலம் உள்ள சாதாரண வினிகரில் பிளேட்டை முழுதாக மூழ்கவைத்து 12 முதல் 24 மணி நேரம். பாதி மூழ்கியும் பாதி வெளியேயும் இருந்தால் நீர்மட்டக் கோட்டில் அரிப்பு ஆழமாகப் பதியும். நாள்கணக்கில் விட்டால் அமிலம் துருவை முடித்துவிட்டு இரும்பைத் தின்னத் தொடங்கும்; மேற்பரப்பில் கறுப்பாக ஒரு பசை வழியும், அது வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட். எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, துணியால் துடைத்து, உடனே சூடுகாற்று. இந்தக் கடைசிப் படியில்தான் பலருடைய வேலை கெடுகிறது. ஈரத்தோடு விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தால், வெறும் இரும்பின் மேல் சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும்.

செதில் செதிலாகத் துரு ஏறிய பிளேட்டுகளுக்கு மின்முறை. பிளாஸ்டிக் தொட்டியில் நீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். எதிர்முனை பிளேட்டுக்கு, நேர்முனை பழைய இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் பிளேட்தான் கரையும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. அதிலிருந்தும் மேலே சொன்ன அதே குரோமிய நஞ்சு நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்தவெளியில்தான் வைக்க வேண்டும். தீப்பொறி அருகே வரக்கூடாது. இரும்புத் துண்டுக்கு நேரெதிரே இருக்கும் பக்கம்தான் முதலில் சுத்தமாகும், ஆகவே பிளேட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

பிறகு எடை. 20 என்று எழுதியிருந்தால் 20 இருக்கும் என்று நம்ப வேண்டாம். வார்ப்பு பிளேட்டுகளில் முன்னப்பின்ன இருப்பது சகஜம். ஒவ்வொன்றையும் நிறுத்து, நெருங்கிய எடையுள்ளவற்றை ஜோடி சேர்த்து, உண்மை எடையைப் பின்பக்கம் எழுதியிருக்கிறோம். ஒரே எண் போட்ட இரண்டை இரு பக்கமும் ஏற்றுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். பெயின்ட் எடையைக் கூட்டிவிடாதா என்று கேட்டார்கள். 45 செ.மீ. விட்டமுள்ள பிளேட்டில் பிரைமரும் இரண்டு கோட்டும் காய்ந்த பிறகு கூடுவது சுமார் 50 கிராம். வார்ப்பில் வரும் வித்தியாசத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

பெயின்ட்

துரு நீங்கிய பரப்பைத் தின்னரில் துடைத்து, 80, பிறகு 120 எண் எமரித் தாளால் தேய்த்து, மறுபடி துடைத்த பிறகே ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். இரண்டாவது துடைப்புக்குப் பிறகு வெறுங்கையால் தொட்டால், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பின்னாளில் பெயின்ட் கொப்பளிக்கும். பிளேட்டுகளுக்கு ஹாமர்டோன் பெயின்டைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக மட்டுமல்ல. துரு தின்ற குழிகளைப் பளபளப்பு எனாமல் காட்டிக்கொடுக்கும். சுத்தியல் தட்டிய மாதிரியான பரப்பு மறைத்துவிடும். எழுத்துகள் எழும்பி நிற்பதால் சிறிய ஸ்பான்ச் ரோலரில் மிகக் கொஞ்சம் வெள்ளை தொட்டு மேலே உருட்டினால் போதும், தூரிகை தேவையில்லை.

நடுத்துளையின் உட்புறம் பெயின்ட் அடிக்கவில்லை. அங்கே அடித்தால் பிளேட் ஸ்லீவில் இறுகும், பிறகு உரிந்து ஸ்லீவெல்லாம் அப்பும். துளையில் எண்ணெய் தடவியிருக்கிறோம்.

ஸ்ப்ரே எனாமலில் மறுகோட்டுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது ஒன்றிரண்டு நாள் கழித்து. நடுவில் அடித்தால் புதுக்கோட்டின் கரைப்பான் பாதி இறுகிய பழைய கோட்டைத் தூக்கி, பரப்பு முழுதும் முதலைத்தோல் ஆகிவிடும். அப்படியானால் மேலே இன்னொரு கோட் போட்டு மூடப் பார்க்காதீர்கள், சுரண்டி முதலிலிருந்துதான்.

இன்னொரு கோளாறு, பெயின்ட் விழுந்தவுடன் வட்ட வட்டமாக விலகிச் சிறுகுழிகள் தோன்றுவது. காரணம் சிலிக்கான். கேபிள் மெஷினுக்கும் டிரெட்மில்லுக்கும் போடும் அதே சிலிக்கான் எண்ணெயின் துளி காற்றில் வந்து படிந்தாலே போதும். அதனால்தான் பெயின்ட் வேலை முழுவதும் முடியும்வரை சிலிக்கான் டப்பாவைத் திறக்கவில்லை.

கெட்டில்பெல்லின் உருண்டைக்கு மட்டுமே பெயின்ட். கைப்பிடியில் எனாமல் கனத்தால் வியர்வைக் கை வழுக்கும். மெல்லிய எண்ணெய்த் துடைப்பு மட்டும் கொடுத்திருக்கிறோம்.

பார்

பாருக்கு ஏன் பெயின்ட் இல்லை என்றால், அதன் நர்லிங் (கைப்பிடிக்காகக் குறுக்கும் நெடுக்கும் செதுக்கிய கோடுகள்) சொரசொரப்புதான் பிடிமானம். பெயின்ட் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடும், பிறகு கையோடு உரிந்து வரும். வினிகரிலும் போடவில்லை. பாரின் எஃகு உயர்வலிமை கொண்டது. அமிலத்தில் ஊறும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அத்தகைய எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகலாம். எண்ணெய் தடவிச் சிறிது ஊறவிட்டு நைலான் பிரஷால் தேய்ப்பதுதான் முறை. பூச்சில்லாத பாருக்குப் பித்தளை பிரஷ் வரை போகலாம். ஜிங்க் பூசிய பாரில் இரும்புக் கம்பி பிரஷ் பட்டால் துருவோடு பூச்சும் போய்விடும்.

ஸ்லீவ் சுழலாமல் இறுகியிருந்ததற்குப் பழைய கிரீஸும் சாக்பீஸ் பொடியும் சேர்ந்த களிம்புதான் காரணம். முனையிலிருக்கும் சர்க்லிப்பை (ஸ்லீவைப் பிடித்துவைக்கும் வளையக் கிளிப்) அதற்கான இடுக்கியால் கழற்றினால் ஸ்லீவ் உருவி வரும். கழற்றும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், சர்க்லிப் தெறிக்கும். வாஷர்கள் இருந்த வரிசையை அப்படியே துணியில் அடுக்கி வைக்க வேண்டும். ஸ்லீவ் சுழல உதவும் வெண்கலப் புஷ்ஷுக்கு மெல்லிய எண்ணெய் சில துளிகள் போதும். கெட்டி கிரீஸ் வைத்தால் மறுபடி அதே களிம்பு. பிரிக்கும்போது நெளிந்த சர்க்லிப்புகளைத் திரும்பப் போடவில்லை, நான்கும் புதியவை.

ரேக், பெஞ்ச்

ரேக்கின் குழாய்களுக்குள் தட்டினால் துரு உதிர்ந்தது. வெளியே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் உள்துரு நிற்காது. மூடிகளைக் கழற்றி, உள்ளே துருத்தடுப்பு மெழுகு ஸ்ப்ரே அடித்து, நீர் தேங்காமலிருக்க அடித்தகட்டில் சிறுதுளை போட்டோம்.

பவுடர் கோட்டிங் போட்டிருக்கலாமே என்ற கருத்தும் வந்தது. நல்ல பூச்சுதான். ஆனால் ஒவ்வொரு பரப்பிலும் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இருக்கைக் குழாய்கள் மாட்டிக்கொள்ளும், மரைகளை டாப் (மரை வெட்டும் கருவி) போட்டுத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

போல்ட் உட்காரும் முகங்களில் டேப் ஒட்டிவிட்டுத்தான் பெயின்ட் அடித்தோம். இரண்டு இரும்புக்கு நடுவே கனத்த பெயின்ட் இருந்தால் இறுக்கத்தில் அது நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் தளரும். நைலாக் நட்டுகள் (தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளவை) அனைத்தும் புதியவை, போல்ட்டுகள் 8.8 வலிமைத் தரம். இறுக்க அட்டவணைப்படி எம்10-க்கு (10 மி.மீ. போல்ட்) சுமார் 45 நியூட்டன் மீட்டர், எம்12-க்கு (12 மி.மீ.) சுமார் 80. ஆனால் இந்த அளவு திடமான இரும்புக்கு. குழாயை ஊடுருவிப் போகும் போல்ட்டில் முழு இறுக்கம் கொடுத்தால் மெல்லிய குழாய்ச்சுவர் உள்வாங்கிவிடும். அங்கே அகல வாஷர் வைத்து, சுவர் நசுங்காத அளவோடு நிறுத்தியிருக்கிறோம். தளர்ந்தது போலத் தெரிந்தால் நீங்களாக ஸ்பேனர் போட்டு முறுக்காமல் குழுவிடம் சொல்லுங்கள்.

பெஞ்சுக்கு 18 மி.மீ. பிளைவுட், 50 மி.மீ. ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கெட்டி ஃபோம்), ரெக்சின். சாதா மெத்தை ஃபோம் போட்டால் தோள் புதைந்து பலகையில் முட்டும். ரெக்சினை நீளவாட்டின் நடுவிலிருந்து முனைகளை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் கடைசி மூலையில் வந்து சேரும். ஃபோம் கனத்தைக் கூட்டும் ஆசையை அடக்கிக்கொண்டோம். பவர்லிஃப்டிங் விதிப்படி பெஞ்ச் உயரம் 42 முதல் 45 செ.மீ.; அதைத் தாண்டினால் உயரம் குறைந்தவர்களுக்குப் பாதம் தரையில் உறுதியாக ஊன்றாது.

கேபிள் மெஷின், டிரெட்மில்

பழைய கேபிளின் நைலான் உறை புல்லி ஓரத்தில் வெடித்து, உள்ளே கம்பி இழைகள் அறுந்திருந்தன. முனைகளை இயந்திரத்தால் அழுத்திப் பொருத்திய புதுக் கேபிள் போட்டோம். கடையில் வாங்கிய யூ-கிளிப்பால் முடிச்சுப் போடுவது இங்கே கூடாது. வழிகாட்டிக் கம்பிகளில் துருவெடுத்துச் சிலிக்கான் தடவியிருக்கிறோம். கிரீஸ் தூசியைப் பிடிக்கும். எடை அடுக்கில் செருகும் ஊசி (பின்) தொலைந்தால் ஆணி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் செருகாதீர்கள், மாற்று ஊசி பெட்டியில் இருக்கிறது.

டிரெட்மில்லுக்கு பெல்ட்டின் அடியில் தூய சிலிக்கான் எண்ணெய் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் பெல்ட்டைக் கெடுத்துவிடும். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்உருளை போல்ட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது. மோட்டார் மூடியைத் திறப்பவர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் பொறுக்க வேண்டும், கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

எனாமல் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்; ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பெயின்டைப் பிய்த்துவிடும். இப்போதைக்குத் தாங்கியில் நடுவே அட்டை வைத்து நிறுத்தியிருக்கிறோம். பெயின்ட் பெயர்ந்த இடங்களைத் தொட்டுச் சரிசெய்ய அரை லிட்டர் ஹாமர்டோனும் கால் லிட்டர் பிரைமரும் மீதம் உள்ளன. டப்பாவைத் திறப்பவர்கள் மேலே படிந்த ஆடையைக் கலக்காமல் எடுத்துவிட்டு, வடிகட்டிய பிறகு பயன்படுத்தவும்.

சீரமைப்புக் குழு