செயலாளர் ஆண்டறிக்கை: முடிவுரைக்கு முன்னால் முறையைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்ட கேள்விதான் இந்த ஆண்டின் வேலையைத் தீர்மானித்தது. "ஆய்வு நிறுவனம் ஒன்று கூறுகிறது என்று செய்தித்தாளில் போட்டால் நம்பிவிடுகிறோம். அந்த நிறுவனத்தை யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நம்மில் யாருக்காவது தெரியுமா?" அன்று அவையில் ஒருவரும் கை தூக்கவில்லை. ஆகவே பல தலைப்புகளில் உரை கேட்கும் வழக்கத்தை நிறுத்திவைத்து, ஆண்டு முழுவதையும் 'திங்க் டேங்க்' எனப்படும் பொதுக் கொள்கை ஆய்வு நிறுவனங்களைப் படிப்பதற்கே ஒதுக்கினோம். ஒரே பொருளா, சலித்துவிடாதா என்று சிலர் அஞ்சினார்கள். கூட்டங்களுக்கு வந்தவர்கள் கடைசிவரை குறையவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

முதல் சில கூட்டங்களில் அமைப்பு முறையைப் பார்த்தோம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைத்திருந்தோம், அப்படி இல்லை. ராபர்ட் புரூக்கிங்ஸ் என்ற வணிகரின் முயற்சியில் அமெரிக்காவில் 1916-இல் ஓர் ஆய்வகம் தொடங்கியது. அரசு தன் வரவு செலவை ஒழுங்காகத் திட்டமிடுகிறதா என்று வெளியிலிருந்து ஆராய்வதே அதன் வேலை. அந்த நாட்டின் 1921-ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டம் உருவானதில் அதற்குப் பங்கு உண்டு. 1927-இல் வேறு இரண்டு அமைப்புகளுடன் இணைந்து அது புரூக்கிங்ஸ் நிறுவனமானது. இலங்கையின் கொள்கை ஆய்வுகள் நிறுவனமோ 1988-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்தது. வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்று ஆராயும் ஜே-பால் ஆய்வகம் 2003-இல் தொடங்கியது; அது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குள் இயங்குகிறது. ஜெர்மனியில் ஒவ்வொரு பெரிய கட்சியையும் ஒட்டி ஓர் அறக்கட்டளை இருக்கிறது. தனியார் கொடை, அரசுச் சட்டம், பல்கலைக்கழகம், கட்சி என்று பிறந்த வீடு வேறாகும்போது அவை எழுப்பும் கேள்விகளும் வேறாகின்றன. ஓர் அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் இந்தப் பிறப்பைப் பார்ப்பது இப்போது நம் உறுப்பினர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டுச் சோதனையைப் படித்த கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ராண்ட் 1948-இல் தனி நிறுவனமானது. தொடக்கத்தில் விமானப் படைக்கான ஆய்வுகளே அதன் தொழில். அப்படிப்பட்ட நிறுவனம் 1970-களில், பொருளியலாளர் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில், சாதாரணக் குடும்பங்களின் வைத்தியச் செலவைப் பற்றி ஒரு பெரிய கேள்வியை எடுத்துக்கொண்டது. சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நோயாளியே கட்ட வேண்டும் என்றால் மக்கள் மருத்துவரிடம் போவது குறையுமா? குறைந்தால் உடல்நலம் கெடுமா? கருத்துக் கேட்டு விடை சொல்லும் கேள்வி இல்லை இது. ஆகவே சுமார் 2,750 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு திட்டங்களில் சேர்த்தார்கள். சிலருக்கு வைத்தியம் முழுக்க இலவசம். மற்றவர்கள் 25, 50 அல்லது 95 சதவீதம் தாங்களே கட்ட வேண்டும். ஆனால் அதற்கு வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு இருந்தது. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தார்கள்.

அன்று அறிக்கையின் சுருக்கத்தை வாசித்த உறுப்பினர், பணம் கட்டியவர்கள் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள், சராசரியாகப் பார்த்தால் உடல்நலம் கெடவில்லை என்று முடித்தார். "அப்படியானால் இலவச வைத்தியம் வீண் என்றுதானே பொருள்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் தலையாட்டவும் செய்தார்கள். அப்போது நம் நூலகப் பொறுப்பாளர் அம்மையார் எழுந்து, "சராசரி என்ற சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள், அடுத்ததையும் வாசியுங்கள்" என்றார். ஏழைகளாகவும் நோயாளிகளாகவும் இருந்தவர்களுக்கு இலவசத் திட்டத்தில் ரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். பணம் கட்டச் சொன்னபோது மக்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் விட்டுவிடவில்லை, தேவையான சிகிச்சையையும் சேர்த்தே விட்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அவை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. இலவச வைத்தியத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த ஆய்வைத் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுவது ஏன் என்பது அன்று எனக்குப் புரிந்தது. ஆய்வாளர்கள் இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பாதியை விட்டுவிட்டது படித்தவர்கள்தான்.

பிரிட்டனில் 1969-இல் தொடங்கிய நிதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு கூட்டம் ஒதுக்கினோம். பட்ஜெட் வெளியான மறுநாளே எந்த வருமானப் பிரிவினருக்கு எவ்வளவு லாபம், எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டு வெளியிடுவது அதன் வழக்கம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அந்தக் கணக்குக்காகக் காத்திருக்கின்றன. ஒரே இரவில் அது முடிவது எப்படி? குடும்ப வருமான, செலவுத் தரவுகளின் மேல் வரி விதிகளை ஏற்றிப் பார்க்கும் கணினி மாதிரியை அவர்கள் ஆண்டுக் கணக்கில் பராமரிக்கிறார்கள். வெளியே தெரியும் ஒரு நாள் வேலைக்குப் பின்னால், பாராட்டே கிடைக்காத பல ஆண்டு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஆண்டின் நடுவில், முன்பு கொள்கை ஆய்வாளராகப் பணிபுரிந்த ஒருவர் நம் அழைப்பை ஏற்று வந்தார். அவருடைய கூட்டத்தை சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடத்தினோம். லண்டனில் 1920-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1927-இல் வகுத்த விதி அது: கூட்டத்தில் கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று வெளியிடக் கூடாது. ஆகவே அவர் சொன்னதை மட்டும் தருகிறேன். மானியம் தந்த ஒருவர், வரைவு அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஒரு முடிவை 'மென்மையாக்க' முடியுமா என்று கேட்டாராம். இயக்குநர் எதையும் வாதாடவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினார்: வரைவைப் பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம், வெளியிடும் முடிவு நிறுவனத்துடையது. "அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் என் இரண்டு ஆண்டு உழைப்பு இழுப்பறையில் கிடந்திருக்கும்" என்றார் விருந்தினர். நேர்மை ஆட்களின் குணத்தில் மட்டும் இருந்தால் போதாது, அமைப்பின் விதியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த மாலை அதை இன்னும் வலுவாக்கியது.

நிதி பற்றி மேலும் ஒரு செய்தி. வெளிநாட்டு அரசுகள் அமெரிக்க ஆய்வு நிறுவனங்களுக்குத் தரும் பணம் பற்றி 2014-இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அதே ஆண்டில் டிரான்ஸ்பாரிஃபை என்ற அமைப்பு, யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றனவா என்பதற்கு நட்சத்திர மதிப்பெண் போடத் தொடங்கியது. மறுபக்கமும் இருக்கிறது. டெல்லியில் 1973-இல் தொடங்கிய கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நிதி உரிமம் 2023-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்தானது; பணம் நின்றதும் ஆய்வாளர்கள் பலர் வெளியேற நேர்ந்தது. பணம் வரும் வழியும் நிற்கும் வழியும் ஆய்வைத் தீண்டாமல் விடுவதில்லை.

இனி நாம் செய்து பார்த்த வேலை. படித்தது போதும், ஒரு சிறு கொள்கைக் குறிப்பை நாமே தயாரிப்போம் என்று முடிவு செய்து நடைபாதைகளை எடுத்துக்கொண்டோம். இளைஞர்கள் அளவு நாடாவுடன் போய் அகலத்தை அளந்தார்கள், உடைந்த கற்களைப் படம் எடுத்தார்கள், நடந்து போனவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பெரும்பாலோர் 'பரவாயில்லை' என்றார்கள். வரைவை நான்தான் எழுதினேன். நிலைமை திருப்திகரம், சில இடங்களில் மட்டும் பழுது பார்த்தால் போதும் என்று முடித்திருந்தேன்.

ராண்டில் ஓர் ஆய்வுக் குழுவின் அறிக்கையை அந்தக் குழுவில் இல்லாதவர்கள் மதிப்பிட்ட பிறகே வெளியிடுவார்கள். நாமும் வரைவை, களப்பணிக்கு வராத உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்தோம். புள்ளியியல் படித்தவர் அவர். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: "நடக்க முடியாததால் வெளியே வராதவர்களை யார் கேட்டார்கள்?"

அதைப் படித்தபோது முகம் சிவந்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர், கண்பார்வை குறைந்தவர், கீழே விழுந்த பயத்தில் வீட்டோடு இருந்துவிட்ட முதியவர் யாரையுமே நாம் சந்திக்கவில்லை. நடைபாதையில் நின்று கேட்டால் நடைபாதையில் நடக்க முடிந்தவர்கள்தானே கிடைப்பார்கள்! உறுப்பினர்கள் இப்போது வீடு வீடாகப் போய்க் கேட்டு வருகிறார்கள். முதல் வாரத்திலேயே விடைகள் மாறத் தொடங்கிவிட்டன. தெரு முனையில் உயரமாக இருக்கும் ஒரு கல்லைத் தாண்ட முடியாமல், தபால் பெட்டி வரை போவதையே விட்டுவிட்டதாக ஒரு பெரியவர் சொன்னார். அந்தக் கல்லை நாம் முன்பே அளந்திருந்தோம், படமும் எடுத்திருந்தோம். அதற்கு என்ன பொருள் என்பது மட்டும் நமக்குத் தெரியவில்லை.

பழைய வரைவை அப்படியே அதிகாரிகளிடம் கொடுத்துவிடலாம், திருத்தத்தைப் பிறகு அனுப்பலாம் என்று சிலர் கருதுகிறார்கள். செயற்குழு இதற்கு உடன்படவில்லை, நானும் உடன்படவில்லை. புதிய விடைகள் சேர்ந்த பிறகு வரைவு அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படும். முதல் வரைவில் நாம் செய்த தவறும் அதில் தனிப் பத்தியாக இடம்பெறும். மறுப்புள்ளவர்கள் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளரின் கையொப்பத்துடன் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். இந்த ஆண்டு முதல் நன்கொடையாளர் பட்டியலும் தொகையுடன் அதில் இருக்கும். நூலகப் பொறுப்பாளருக்கும், களப்பணி செய்த இளைஞர்களுக்கும், பென்சிலால் அந்த ஒரு வரியை எழுதிய உறுப்பினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இந்த அறிக்கையை ஏற்குமாறு அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்