சீழில் ஒரே ஒரு கிருமியைத் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொற்றுநோய் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ‘ஒரு நோய், ஒரு கிருமி’ என்ற கணக்கிலேயே வருகின்றன. காலராவுக்கும் டைபாய்டுக்கும் அது சரி. வயிற்றுக்குள் கட்டும் சீழுக்கும் நாள்பட்ட புண்ணுக்கும் சரிவராது. அங்கே கிருமிகள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன.

குடல்வால் வெடித்ததும் வயிற்றறைக்குள் பல வகைக் கிருமிகள் சிந்துகின்றன. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் இருந்தால் வளராத பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவுக்கு அதுவே வசதி. பதிலுக்கு பாக்டீராய்ட்ஸின் மேலுறை சீழ்க்கட்டியை உருவாக்கித் தருகிறது. அது சுரக்கும் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி பெனிசிலினைச் சிதைப்பதால், அந்த மருந்தில் சாக வேண்டிய பக்கத்துக் கிருமியும் பிழைத்துக்கொள்கிறது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் பாக்டீராய்ட்ஸ் தப்பும். ஆக்சிஜன் சார்ந்த சுவாசம் இல்லாத செல்லுக்குள் அந்த மருந்து போதிய அளவு நுழையாது. காற்றில்லாக் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மட்டும் கொடுத்தால் ஈ.கோலை தப்பும். இரண்டையும் பிடிக்கும் மருந்து வேண்டும், கட்டிய சீழையும் வெளியேற்ற வேண்டும்.

இந்த ஒத்தாசையை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஆட்டு இரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்ற பாக்டீரியாவை மட்டும் தடவினால் அநேகமாக ஒன்றும் முளைக்காது. அதன் குறுக்கே ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமாக ஸ்டெஃப்) என்ற பாக்டீரியாவை ஒரு கோடு இழுத்து, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் உள்ள பெட்டியில் 35 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அந்தக் கோட்டை ஒட்டி மட்டும் பனித்துளி போலக் காலனிகள் (கிருமித் திட்டுகள்) நிற்கும். ஹீமோஃபிலஸுக்குத் தேவையான என்ஏடி என்ற வளர்ச்சிப் பொருள் அங்கேதான் கிடைக்கிறது.

பகையும் சில நேரம் காப்பாற்றிவிடுகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா சுரக்கும் பொருள் ஒன்று ஸ்டெஃபின் சுவாசத்தை முடக்கும். ஆனால் ஸ்டெஃப் முழுதாக அழியாமல், மெதுவாக வளரும் சிறு காலனிகளாக மாறி ஜென்டாமைசினைத் தாங்கி நிற்கும். 24 மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட்டால் அது கண்ணில் படாமலே போகலாம். 72 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலேயே பாதித் தவறு நடக்கிறது. புண்ணின் மேல்பரப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தால் தோலில் இருக்கும் கிருமிதான் வரும். சலைனால் கழுவிவிட்டு அடித்திசுவை எடுக்க வேண்டும்; சீழ் என்றால் சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றில்லா மாதிரிக் குப்பியில் உடனே அனுப்ப வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. காற்றில்லாக் கல்ச்சரை (ஆக்சிஜன் இல்லாமல் கிருமியை வளர்க்கும் சோதனையை) 48 மணி நேரத்துக்கு முன் திறக்கவும் கூடாது.

‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை தரும் ஆய்வகங்கள், காற்றில்லாக் கல்ச்சர் செய்யப்பட்டதா என்பதையும் அதிலேயே ஒரு வரியாக அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்