3.3 வோல்ட் போர்டில் 5 வோல்ட் சென்சார்: உங்கள் இணைப்புப் படம் பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், காரைக்குடி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை

பொருள்: தொட்டி நீர்மட்ட கிட்டில் போர்டு பழுதானது

ஐயா,

பள்ளத்தூர் வீட்டில் எங்கள் அப்பத்தா தனியாக இருக்கிறார். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறைந்ததா என்று பார்க்க இந்த 78 வயதிலும் மாடிப்படி ஏறுகிறார். அதை நிறுத்தத்தான் உங்களிடம் இந்த கிட்டை வாங்கினேன்.

என்னிடம் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய கன்ட்ரோல் போர்டு இருக்கிறது, போதுமா என்று முதலில் போனில் கேட்டேன். "ஈஎஸ்பி32 போர்டு எடுங்க சார், வைஃபை உள்ளேயே இருக்கு, கிட்ல வர்ற எல்லாமே அதுக்குச் சேரும்" என்றார் உங்கள் ஊழியர். காரைக்குடியில் இருந்தே மொபைலில் பார்க்கலாமே என்று சரி சொன்னேன்.

கிட்டோடு வந்த இணைப்புப் படத்தில், ஒலி அலையால் நீர்மட்டத்தை அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சாரின் எக்கோ (அளவுச் சிக்னலை அனுப்பும் முனை), ஈஎஸ்பி32-இன் 18-ஆம் பின்னுக்கு (இணைப்பு முனைக்கு) நேராகப் போகிறது. அப்படியே இணைத்தேன். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அந்தப் பின் செத்துவிட்டது. வேறு பின்னில் செருகினால் அளவு வருகிறது. அப்புறம்தான் விவரத்தாள்களை எடுத்துப் படித்தேன். அந்தச் சென்சார் 5 வோல்ட்டில் ஓடுவது, எக்கோவிலும் 5 வோல்ட்டையே அனுப்பும். ஈஎஸ்பி32-இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. ஊனோ 5 வோல்ட் போர்டு என்பதால் அதில் இந்தச் சிக்கலே வந்திருக்காது. ஈஎஸ்பி32 என்றால் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு வோல்ட்டேஜைக் குறைத்துத்தான் பின்னுக்குக் கொடுக்க வேண்டும். சில ரூபாய்தான் ஆகும். அவை கிட்டிலும் இல்லை, படத்திலும் இல்லை.

ஈரம் ஏறும் தொட்டிக்குத் திறந்த சென்சாரைக் கொடுத்ததும் தவறு. நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி உங்கள் கடையிலேயே விற்கிறது.

இதையெல்லாம் மெயிலில் எழுதியதற்கு, "தவறான இணைப்பால் வந்த பழுது, வாரண்டி கிடையாது" என்று பதில் வந்தது. அந்த இணைப்பு நீங்கள் அச்சடித்துக் கொடுத்தது. படத்தையும், என் வயரிங்கின் போட்டோவையும் இணைத்துள்ளேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

போர்டை மாற்றித் தாருங்கள். சென்சாரை நீர் புகாத வகைக்கு மாற்றுங்கள், விலை வித்தியாசத்தை நான் கட்டுகிறேன். படத்தைத் திருத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்புங்கள். இந்த கிட்டைப் பள்ளிப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். முதல் போர்டே இப்படிப் போனால், தன் மேல்தான் தப்பு என்று நினைத்துப் பிள்ளை இதையே விட்டுவிடும்.

15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்